வயதானவர்களுக்குப் பேச்சு காதில் விழுகிறது, ஆனால் புரிவதில்லை. ஏன்?

உங்கள் அப்பாவுக்கு 72 வயது, சத்தம் கேட்கிறது ஆனால் சொல் புரியவில்லை என்கிறார், உரக்கச் சொன்னால் "ஏன் கத்துறே" என்று கோபப்படுகிறார், வேண்டுமென்றே செய்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவர் சொல்லும் இரண்டுமே உண்மை. "வேண்டியது மட்டும் நல்லா காதுல விழும்" என்று வீட்டில் பேசுவதை முதலில் நிறுத்துங்கள். அந்த ஒரு வாக்கியத்தால் வாயை மூடிக்கொண்ட பெரியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்கிறதே, அது நடுக்காதின் காற்றழுத்தச் சிக்கல். அப்போது எல்லாச் சத்தமும் கொஞ்சம் அமுங்கும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவர் உரக்கப் பேசினால் புரிந்துவிடும். வயதால் வரும் குறைபாடு அப்படிப்பட்டதல்ல. உட்காதில் காக்ளியா என்ற சுருண்ட குழாயில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. போனால் போனதுதான், நமக்கு அவை திரும்ப வளர்வதில்லை. குழாயின் வாயிலில் இருப்பவை கீச்சென்ற உயர் ஒலிகளுக்கானவை, பொதுவாக முதலில் பழுதாவதும் அவைதான்.

தமிழில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த அலைவரிசையில், பலமாக வருகின்றன. ச, ஷ போன்ற உரசும் ஒலிகளின் வலு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, அதுவும் மெல்லிசாக. அதனால் "கா" தெளிவாக விழுகிறது, அடுத்து வந்தது காசா, காதா, காடா என்பதை மூளை ஊகிக்க வேண்டியிருக்கிறது. நாம் கத்தும்போது பெருகுவது பெரும்பாலும் உயிரொலிதான், "சு" அப்படியே பலவீனமாக நிற்கும். குழந்தைகள் குரல் சிரமமாவதும் இதோடு சேர்ந்ததுதான், அதனால் பேத்தி பேசுவது புரியவில்லை என்றால் அவள்மேல் பாசமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் அந்தக் கோபம். மெல்லிய சத்தத்தைப் பெருக்கித் தருவது வெளிவரிசை மயிர்ச்செல்களின் வேலை. அவை போனபின் சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ நமக்குக் கேட்கும் அதே வலுவோடு அவருக்கும் கேட்கும். "கேட்கவில்லை" என்பதற்கும் "தாங்கவில்லை" என்பதற்கும் நடுவே இருந்த இடம் சுருங்கிவிடுகிறது. உங்கள் குரல் ஒரு படி ஏறினாலே அவருக்கு உண்மையிலேயே வலிக்கலாம்.

என் அப்பா அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது யாரும் பேச்சைக் காதால் கேட்பதில்லை, உதட்டையும் கையையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். 85 டெசிபலுக்கு மேல் தினம் எட்டு மணி நேரம் என்றாலே காதுக்கு ஆபத்து, தறிப்பட்டறைச் சத்தம் அதை எளிதாகத் தாண்டும். உதட்டைப் படிக்கும் பழக்கம் இருந்ததால் அப்பாவின் குறை எங்களுக்கு வெகுநாள் தெரியவே இல்லை. 2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது மளிகைக் கடைக்காரர் சொல்வதுகூட அவருக்குப் புரியவில்லை. கவசம் உதட்டை மறைத்ததோடு, எஞ்சியிருந்த உயர் ஒலிகளையும் மங்கவைத்தது. உங்கள் அப்பாவும் இரைச்சலில் வேலை பார்த்தவர் என்றால் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும் பள்ளம் ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், தெரியலாம்.

காது மட்டும் பார்க்கிற வேலையல்ல இது. எங்கே சொல் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்பதை மூளை மில்லி விநாடிக் கணக்கில் பிரிக்கிறது. வயதாக ஆக அந்தப் பிரிப்பு மெதுவாகிறது. இதில் நரம்புக்கும் பங்கு உண்டு. 2009-ல் ஷேரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது இது: பெரும் இரைச்சலுக்குப் பின் கேட்கும் திறன் பழையபடி திரும்பியது, ஆனால் மயிர்ச்செல்லோடு சேரும் நரம்பு முனைகளில் பல நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதரிலும் இப்படி நடந்தால், ஆடியோகிராம் நன்றாக இருந்தும் கல்யாண மண்டபத்தில் ஒன்றும் புரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மண்டபத்தில் மேளம், மைக், மொசைக் தரையில் எதிரொலி எல்லாம் சேர்ந்து, பேச்சைப் பிரித்தெடுக்கும் வேலையே ஆளைக் களைப்பாக்கிவிடுகிறது. அவர் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்பது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி முதலில் அழுக்கு அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு 'பீப்' சத்தச் சோதனையோடு நிற்காமல் சொல் புரிகிறதா என்ற பேச்சுச் சோதனையும், முடிந்தால் தமிழிலேயே, கேட்டு வாங்குங்கள். காது மெஷினை அந்த அளவுகளை வைத்து ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறன் நிபுணர்) அமைத்துத் தர வேண்டும். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகப் பெருக்கும் மலிவுக் கருவி வாங்கிக் கொடுக்காதீர்கள், அந்த "கத்துறே" கோபம்தான் கூடும். நல்ல மெஷினிலும் முதல் சில வாரங்கள் தட்டு, டம்ளர் சத்தமெல்லாம் எரிச்சலூட்டும். மூளை பழக வேண்டும், அதனால் அலமாரியில் வைத்துவிடாமல் தினமும் போடச் சொல்லுங்கள்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2023-ல் லான்செட் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரை மூன்றாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்தால் மெஷினால் அறிவுத்திறன் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி நோய் வரும் அபாயம் கூடுதலாக இருந்த பிரிவில், அறிவுத்திறன் சரிவது 48 சதவீதம் மெதுவானது.

வீட்டில் டிவியையும் மிக்ஸியையும் நிறுத்திவிட்டு, "அப்பா" என்று கூப்பிட்டு, அவர் திரும்பியபின் எதிரில் நின்று சாதாரணக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு விதமாகச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல, விடுங்க" மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரே நாளில் ஒரு காது திடீரென மந்தமானால் அது வயதுக் கோளாறு அல்ல, அவசரம். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.