‘சில்ட்ரன் ஆஃப் த கார்ன்’ என்ற அமெரிக்கத் திகில் படத்தின் இரண்டாம் பாகம் பார்க்கத் தகுந்ததா? முதல் பாகம் பார்த்திருக்க வேண்டுமா?

பார்க்கலாம். முதல் முக்கால் மணி நேரத்துக்காகவே பார்க்கலாம். முதல் பாகத்தைப் பார்த்திருந்தால் நல்லது, பார்க்காவிட்டாலும் குடி முழுகிவிடாது.

முதல் பாகத்தின் கதை தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் கேட்லின் என்றொரு கற்பனை ஊர், சுற்றிலும் மக்காச்சோளக் காடு. ஐசக் என்ற சிறுவன், ‘வரிசைகளுக்குப் பின்னால் நடப்பவர்’ என்ற சோளக்காட்டுச் சாமியின் பேரைச் சொல்லி ஊர்ப் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பெரியவர்கள் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது காபியில் விஷம் வைத்தும் அரிவாளால் வெட்டியும் பிள்ளைகள் அந்தப் பெரியவர்கள் எல்லோரையும் தீர்த்துக்கட்டுகிறார்கள். திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய சிறுகதை இது. 1984இல் ஃப்ரிட்ஸ் கியர்ஷ் படமாக எடுத்தார். சிறுகதையில் வழி தப்பி அந்த ஊருக்கு வரும் கணவன் மனைவி இருவருமே செத்துப்போகிறார்கள். படத்தில் பிழைக்க வைத்துவிட்டார்கள். எனக்குக் கதையின் முடிவுதான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

இரண்டாம் பாகத்தை டேவிட் பிரைஸ் இயக்கினார். 1992இல் தயாரான படம், அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 1993 ஜனவரியில் வந்தது. முதல் படம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை இது எடுத்துக்கொள்கிறது: பெற்றவர்களையே வெட்டிக் கொன்ற பிள்ளைகளை அப்புறம் என்ன செய்வது? பக்கத்து ஊரான ஹெமிங்ஃபோர்டுக்காரர்கள் நிலவறையில் பிணங்களைப் பார்க்கிறார்கள். பார்த்த பிறகும் அந்தப் பிள்ளைகளை ஆளுக்கொருவராகத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுப் படுக்க வைக்கிறார்கள். ‘பாவம், சின்னப் பிள்ளைகள், யாரோ கெடுத்துவிட்டார்கள்’ என்ற நினைப்பு. எனக்கு இந்தத் தொடரிலேயே அதிகம் வயிற்றைக் கலக்கிய இடம் இந்த நல்ல மனசுதான்.

இன்னொரு நல்ல யோசனையும் படத்தில் இருக்கிறது. செய்தி தேடி மகனுடன் வரும் பத்திரிகைக்காரர் ஜான் கேரட்டும், ரெட் பேர் என்ற பூர்வகுடிப் பேராசிரியரும் ஊர் ரகசியம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். போன வருடத்துச் சோளத்தில் பச்சையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. பெரியவர்களுக்கு அது தெரியும். தெரிந்தே மூடி மறைத்து விற்கப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்ட இருவரையும் ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரீஃபே கட்டிப்போட்டு அறுவடை மெஷினுக்கு இரையாக்கப் பார்க்கிறார். பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்ததற்கே அந்தப் பூசணம் காரணமாக இருக்கலாம் என்று படம் கோடி காட்டுகிறது.

விஞ்ஞானம் இதற்கு ஒத்துவராது. மக்காச்சோளப் பூசணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஈரலைத்தான் கெடுக்கும், கொலைவெறி எல்லாம் தராது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பக்கத்துக் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் காமாலை கண்டு இறந்தார்கள். 2004இல் கென்யாவில் 125 பேர். மனசைப் பேதலிக்க வைக்கும் பூசணம் எர்காட், அது முக்கியமாக ரை தானியத்தில் வருவது. ஆனால் திகில் படத்துக்கு இவ்வளவு பொருத்தம் போதும். பெரியவர்களைக் கொல்ல வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வதில், ஒரு நொடியாவது, நியாயம் இருக்கிறதோ என்று நம்மை யோசிக்க வைக்கிறது இல்லையா, அதுதான் விஷயம். முதல் படத்தில் அந்த நொடியே கிடையாது.

அப்புறம் படத்துக்கே பயம் வந்துவிடுகிறது. பூசணமா, சாமியா, பேயா என்று ஒன்றில் நிற்காமல் மூன்றையும் கலந்து கட்டி, கடைசியில் பிள்ளைகளின் தலைவன் மைக்காவுக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று கையைக் கழுவிக்கொள்கிறது. மைக்காவாக வரும் ரயன் போல்மன் முறைக்கிறார், முறைத்துக்கொண்டே இருக்கிறார். முதல் பாகத்து ஐசக்கை மறக்க முடியாததற்குக் காரணம் உண்டு. ஜான் ஃப்ராங்க்ளின் அப்போது இருபது வயதைத் தாண்டிய ஆள். வளர்ச்சிக் குறைபாட்டால் சிறுவன் உடம்பு, முகத்தில் மட்டும் பெரிய மனுஷக் களை. அதற்கு ஈடாக இதில் யாரும் இல்லை.

கொலைகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் திகில் ரசிகர்கள் கோபிப்பார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திய வீட்டுக்கு அடியில் ஒரு கிழவி தன் பூனையைத் தேடித் தவழ்ந்து போகிறாள். பிள்ளைகள் வீட்டை மெல்ல இறக்குகிறார்கள். இன்னொரு பாட்டியின் மின்சாரச் சக்கர நாற்காலியை ரிமோட்டால் நடுரோட்டுக்கு ஓட்டிவிடுகிறார்கள். லாரி மோதி, பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடும் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் விழுகிறாள். சிரிப்பதா பதறுவதா என்று தெரியாது. நான் சிரித்தேன்.

படத்தின் துணைத் தலைப்பு ‘த ஃபைனல் சாக்ரிஃபைஸ்’. இறுதிப் பலி என்று பேர் வைத்த பிறகு 1995, 1996, 1998, 1999, 2001 என்று வரிசையாகப் பாகங்கள் வந்தன. பலிக்கு ஆள் குறையவே இல்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாவது பிடித்திருந்தால் மூன்றாவதை மட்டும் பாருங்கள்: அதில் சோளம் சிகாகோ நகரத்துக்கே போய், மூடிக் கிடக்கும் தொழிற்சாலைக்குப் பின்னால் முளைக்கிறது. கும்பலில் ஒருத்தியாக, பெயர்கூடப் போடாமல், பின்னாளில் ஹாலிவுட் நட்சத்திரமான சார்லீஸ் தெரான் நிற்கிறார். கண்ணைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும்.