ஒட்டோமான் கடற்படைக் கொடிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, லெபான்டோ கடற்போரில் இருந்த ஒட்டோமான் கப்பலின் மாதிரி ஒன்று செய்கிறேன். சிவப்பில் பிறையும் நட்சத்திரமும் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் போர் 1571-இல் நடந்தது. சிவப்புத் துணியில் வெள்ளைப் பிறை, நட்சத்திரம் என்று கடற்படைக்கு சுல்தான் மூன்றாம் செலிம் ஆணையிட்டது 1793-இல்தான். அதற்கு முன்பு தளபதிக்குத் தளபதி கொடி மாறும். பீசா நகரத்து சான் ஸ்தெஃபனோ தேவாலயத்தில் பிடிபட்ட ஒட்டோமான் கொடிகள் தொங்குகின்றன. அவற்றின் படங்களைப் பார்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: 1827 நவாரினோ கடற்போர்க் கப்பலுக்கு?

பதில்: சிவப்பு, பிறை, எட்டு முனை நட்சத்திரம். ஐந்து முனை 1844-க்குப் பிறகு.

கேள்வி: ஒட்டோமான் கடற்படைத் தளபதி பார்பரோசா ஹைருத்தீனின் கொடியில் யூத நட்சத்திரம் எப்படி வந்தது?

பதில்: அது சுலைமான் நபியின் முத்திரை. இஸ்தான்புல் கடற்படை அருங்காட்சியகத்தில் உள்ள அந்தக் கொடியில் மேலே வெற்றியை வாக்களிக்கும் குர்ஆன் வசனம் (61:13), நடுவே இரட்டை அலகுள்ள சுல்ஃபிகார் வாள், ஒரு கை, நான்கு கலீஃபாக்களின் பெயர்கள், கீழே ஆறு முனை நட்சத்திரம். எல்லாமே இஸ்லாமியக் காப்புச் சின்னங்கள்.

கேள்வி: மழுப்புகிறீர்கள். ஆறு முனை என்றாலே யூதர்தானே?

பதில்: இல்லை. ஹைருத்தீன் இறந்தது 1546-இல். அனத்தோலியாவில் கரமான் அரசர்கள் அவருக்கு முன்பே அதே முத்திரையைப் பயன்படுத்தினார்கள். ஆறு முனையை யூத அடையாளமாக உலகறியச் செய்ததில் யூதர்களுக்குத் தாயகம் கோரிய 1897 சியோனிச மாநாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னால் வந்த பொருளை முன்னால் ஏற்றாதீர்கள்.

கேள்வி: கொடி தைக்க அளவு சொல்லுங்கள் அண்ணா.

பதில்: 1936 சட்ட அளவு தருகிறேன்; அது துருக்கிக் குடியரசுக் கொடிக்கு உரியது, ஒட்டோமான் கொடிக்கு அல்ல. உயரம் 60 செ.மீ. என்றால் நீளம் 90. பிறையின் வெளிவட்டம் 30 விட்டம், மையம் கம்பப் பக்க விளிம்பிலிருந்து 30-இல். உள்வட்டம் 24 விட்டம், அதன் மையம் வெளிவட்ட மையத்திலிருந்து வலப்பக்கம் 3.75 தள்ளி. நட்சத்திர வட்டம் 15 விட்டம். உள்வட்டத்தின் இடது விளிம்பிலிருந்து 20 தள்ளித் தொடங்கும். தைத்த பின் பாருங்கள்: நட்சத்திர முனை உள்வட்டத்துக்குள் 4 செ.மீ. நுழைந்திருக்க வேண்டும். வெளியே நின்றால் மையத்தைத் தவறாக வைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: 1650 கப்பலுக்கு ஐந்து முனை சரியா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். 1844.

கேள்வி: கிரேக்க வணிகர்களின் கொடி?

பதில்: ஒட்டோமான் குடிகளான கிறிஸ்தவர்களுக்குச் சிவப்பு-நீலம்-சிவப்பு, கிடைக்கோடுகளாக.

கேள்வி: கொடியில் உள்ள அரபு எழுத்தைப் படித்துச் சொல்வீர்களா?

பதில்: எழுத்தணிக்கலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பழைய கொடி என்று ஒன்று விற்கிறார்கள். அசலா?

பதில்: தையல் மடிப்புக்குள்ளிருந்து ஒரு இழை உருவி எரியுங்கள். கம்பளி மயிர் கருகும் வாடை அடித்துப் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். உருகினால் வாங்காதீர்கள். வெளுத்தது வெயிலால் என்றால் மடிப்புக்குள் சிவப்பு அழுத்தமாக இருக்கும். உள்ளும் புறமும் ஒரே வெளுப்பு என்றால் செயற்கையாகப் பழசாக்கியிருக்கலாம். இயந்திரத் தையல் மட்டும் போலி என்பதற்குச் சான்றாகாது. 1850-களிலிருந்தே அந்த இயந்திரம் புழக்கத்தில் இருந்தது.

கேள்வி: அதில் ஐந்து முனை...

பதில்: 1844.