வாசகர் கேள்வி–பதில்: அருளும் மனித விருப்பமும்

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். என் தம்பி சில ஆண்டுகளாக வேறொரு சபைக்குப் போகிறான். மனிதனால் ஆவது ஒன்றுமில்லை என்றும், யாரை இரட்சிப்பது என்று உலகம் உண்டாகும் முன்பே கடவுள் தீர்மானித்துவிட்டார் என்றும் சொல்கிறான். எங்கள் உபதேசியாரைக் கேட்டால், "கடவுள் பாதி, நாம் பாதி" என்கிறார். எதை ஏற்பது?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முதலில் உபதேசியார் சொன்னதைப் பார்ப்போம். மீன் விற்ற பணத்தில் டீசலுக்கும் ஐசுக்கும் ஆன செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிப்பது உங்கள் கரையில் அன்றாட வழக்கம். அங்கே ஒருவர் பங்கு கூடினால் இன்னொருவர் பங்கு குறைந்தே தீரும். அருளையும் மனித விருப்பத்தையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்பதிலிருந்துதான் இந்த விவகாரத்தில் பாதிக் குழப்பம் பிறக்கிறது. மனந்திரும்பும் ஒருவரின் செயல் முழுக்க முழுக்க இறையருளால் நிகழ்கிறது. அதே செயல் முழுக்க முழுக்க அவருடையதாகவும் இருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், உங்கள் மீட்புக்காக அச்சத்தோடும் நடுக்கத்தோடும் உழையுங்கள் என்று சொல்லும் பவுல், அடுத்த வரியிலேயே, உங்களுக்குள் விருப்பத்தையும் செயலையும் உண்டாக்குபவர் கடவுளே என்கிறார். இரண்டையும் அவர் 'ஆனால்' என்று பிரிக்கவில்லை. 'ஏனெனில்' என்று இணைக்கிறார்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாஜியு என்ற துறவி, மனிதன் தன் இயல்பான ஆற்றலாலேயே பாவத்தை விலக்கி வாழ முடியும் என்று போதித்தார். ஆயர் அகுஸ்தினார் அதைக் கடுமையாக எதிர்த்தார். 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அப்போதனையைக் கண்டித்தது. அதன் பிறகு தெற்குப் பிரான்சில் ஒரு சமரசக் கருத்து பரவியது: முதல் அடியை மனிதன் எடுத்து வைப்பான், பிறகு கடவுள் கைகொடுப்பார் என்பது அது. 529இல் ஒராஞ்ச் நகரில் கூடிய சங்கம் இதையும் மறுத்து, நம்ப வேண்டும் என்ற அந்த முதல் ஆசையே அருளின் கொடைதான் என்று அறிவித்தது. உங்கள் உபதேசியாரின் 'பாதி பாதி' இந்தச் சமரசத்துக்கு மிக அருகில் நிற்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை; மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு இதை விளக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சிரமம் தெரியும்.

உங்கள் தம்பி சொல்வது, பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதியான கால்வினின் வழிவந்த மரபு. 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சங்கம் அதை வரையறுத்தது. பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள்கூட இதைப் போதிப்பதில்லை என்பதால், அவன் போகும் சபை எதுவென்று கேட்டுப் பாருங்கள். மனிதன் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று டார்ட் சங்கமும் சொன்னதில்லை. மனந்திரும்ப அழைக்கும் நற்செய்தி எல்லாருக்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்றே அதுவும் வற்புறுத்தியது. கத்தோலிக்கத் திருச்சபையோ, தீமைக்கென்று எவரையும் கடவுள் முன்குறிப்பதில்லை என்று ஒராஞ்சிலேயே சொல்லிவிட்டது. கடவுளால் தூண்டப்பட்ட மனித விருப்பம் அந்த அருளுக்கு இசைந்து ஒத்துழைக்கிறது, விரும்பினால் மறுக்கவும் அதனால் முடியும் என்று 1547இல் திரெந்து பொதுச்சங்கம் அறுதியிட்டது.

இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்டு இறந்த சேசு சபைக் குருவான புனித அருளானந்தரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்; அதில் தடியத்தேவனின் பகுதியை மட்டும் மறுபடி நினைத்துப் பாருங்கள். மறவர் குலத் தலைவரான அவர் தீராத நோயில் கிடந்தபோது உபதேசியார் ஒருவர் வந்து நற்செய்தியை வாசித்துச் செபிக்கிறார், அவர் குணமடைகிறார். கேட்கத் தகுதியேதும் காட்டாதவருக்கு அருள் முந்தி வந்தது. ஆனால் அவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியோடு மட்டும் வாழச் சம்மதமா என்று அருளானந்தர் கேட்கிறார். பலரை மணந்திருந்த அவர் "முடியாது" என்று சொல்லியிருக்கலாம்; இராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண்ணும் அந்த மனைவியரில் ஒருவர் என்பதால், மறுப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கும். அவர் சம்மதித்தார். அந்தச் சம்மதம் அவருடையதுதான். ஆனால் அதற்கான மனத்துணிவு எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டிருந்தால், தன்னுடையது என்று சொல்லியிருக்கமாட்டார். (விலக்கப்பட்ட பெண்களின் விருப்பத்தை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. இன்று வாசிக்கும் நாம் அதைக் கண்டும் காணாமல் போக முடியாது.)

அருள் எந்த விதமாக விருப்பத்தை அசைக்கிறது, அசைத்தும் எப்படிச் சுதந்திரத்தைக் கெடுக்காமல் விடுகிறது என்பதில் கத்தோலிக்கருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சேசு சபையின் மோலினாவும் தொமினிக்கன் சபையின் பாஞ்ஞஸும் தொடங்கி வைத்த சச்சரவை உரோமை 1598 முதல் 1607 வரை விசாரித்தது. இறுதியில் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டிக்கக் கூடாது என்று மட்டும் கட்டளையிட்டு அனுப்பிவிட்டார். அத்தனை அறிஞர்களாலும் முடிக்க முடியாத வழக்கை நீங்களும் தம்பியும் சாப்பாட்டு நேரத்தில் தீர்த்துவிட முடியாது. அதற்காகப் பேச்சு வார்த்தையை முறித்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: என் அண்ணன் கடலில் இறந்துபோனார். பல ஆண்டுகளாகக் கோயிலுக்குப் போகாதவர், பாவசங்கீர்த்தனமும் செய்யவில்லை. மனித விருப்பம் அவசியம் என்றால் அவருக்கு மீட்பு கிடையாதா?
— வாசகர், பாம்பன்

பதில்: கிடையாது என்று சொல்ல எவருக்கும் அதிகாரமில்லை. எத்தனையோ பேரைப் புனிதர் என்று அறிவித்த திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் இதுவரை அறிவித்ததில்லை. கடவுளை அன்பு செய்வதால் மட்டுமே எழும் மனத்துயரை நம் பெரியவர்கள் 'உத்தம மனஸ்தாபம்' என்பார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்ற விருப்பம் அதில் அடங்கியிருந்தால், குருவிடம் போகும் முன்பே அது மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்று 1551இல் திரெந்து சங்கம் கூறியது. அப்படியொரு மனஸ்தாபத்துக்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் அலைக்கு நடுவே உங்கள் அண்ணனின் மனத்தில் எழுந்ததைக் கரையில் இருந்த எவரும் பார்க்கவில்லை. எல்லா மனிதரும் மீட்புப் பெற வேண்டும் என்று விரும்பும் கடவுள், உங்கள் அண்ணன் சம்மதிப்பதற்கான அருளைக் கடைசிவரை கொடுத்துக்கொண்டிருந்தார் என்று நீங்கள் உறுதியாக நம்பலாம். அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள். கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்ற அவருக்குக் கல்லறை இல்லையே என்று தயங்க வேண்டாம். செபம் போய்ச் சேருவது குழிக்கு அல்ல.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் நின்றால் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு வருவதாக நேர்ந்துகொண்டேன். குழந்தை பிழைத்துவிட்டாள். ஆனால் இந்த ஆண்டு படகில் இடம் கிடைக்கவில்லை. கொடுத்த அருளைக் கடவுள் திரும்ப எடுத்துக்கொள்வாரா?
— வாசகி, இராமேசுவரம்

பதில்: மாட்டார். நேர்ச்சை என்பது அருளுக்குக் கட்டும் விலையல்ல. விலை கட்டி வாங்க முடிந்தால் அதற்கு அருள் என்று பெயரும் இராது. நீங்கள் உங்கள் சொந்த விருப்பத்தால் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு அது. ஆகவே அதை மதிக்க வேண்டும். அதற்காக அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு போக முடிந்தால் போய் வாருங்கள். முடியாத நிலை தொடர்ந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து தகுந்த காரணத்துக்காக விலக்களிக்க, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1196ஆம் விதி அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. கச்சத்தீவுக்குப் பதிலாக வேறொரு நற்செயலைச் செய்யும்படி அவர் மாற்றியும் தரலாம்.