அப்பாவின் ‘டென்ஷன்’, பிள்ளையின் கமெண்ட்: கேள்வி பதில்

கோத்தகிரி, ஒரு அம்மா: எட்டாவது படிக்கும் பையன் வீட்டில் வாயே திறப்பதில்லை. கேம் குரூப்பில் மட்டும் கேவலமாகத் திட்டுகிறான். அவன் அப்பாவும் பேசாதவர். அதனாலா?

பேசாத அப்பா வேறு. தன் மனசில் என்ன ஓடுகிறது என்று தனக்கே பிடிபடாத அப்பா வேறு. இரண்டாவதற்கு அலெக்ஸிதிமியா என்று பெயர், 1970-களில் மனநல மருத்துவர் பீட்டர் சிஃப்னியோஸ் வைத்தது. நோயல்ல, குணக்கூறு. பச்சைத் தேயிலை விலை இறங்கிய பயம், கடன் கொடுத்தவர் முன் பட்ட அவமானம், நாள் முழுக்க நின்ற அசதி எல்லாமே அவருக்கு ஒரே ‘டென்ஷன்’. அதையே கேட்டு வளரும் பையனுக்கும் உள்ளே நடப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் போகலாம். வகுப்பில் என்றால் எதிராளியின் முகம் வாடுவதைப் பார்த்தாவது நிறுத்துவான். திரையில் முகமே இல்லை.

தினமும் அப்பா தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லட்டும்: “இலை முத்திடுச்சுன்னு ஃபேக்டரியில திருப்பிட்டாங்க, அவமானமா போச்சு.” அவ்வளவுதான். “அதனால நீயாவது படி” என்று ஒட்டினால் கெட்டது காரியம். எதிரெதிரே உட்கார வேண்டாம். விறகு அடுக்கும்போது போகிறபோக்கில் சொன்னால் போதும். பையன் ‘ம்’ கொட்டாவிட்டாலும் விடாதீர்கள். போனை மட்டும் பிடுங்காதீர்கள்.

குன்னூர், ஒரு அப்பா: போனை வாங்கி வைத்துவிட்டால்?

மேலேயே சொன்னேன். நண்பன் போனில் வேறு ஐடி திறப்பான், உங்களுக்குத் தெரியாது.

கூடலூர்: நாங்கள் அடி வாங்கித்தான் வளர்ந்தோம். கெட்டா போனோம்?

1961-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா செய்த சோதனையில், பெரியவர் பொம்மையைத் திட்டி அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர் அதே அடியை அடித்தார்கள், சிலர் அதே வசவோடு.

கூடலூர்: பொம்மையும் மனுசனும் ஒன்றா சார்?

நியாயம்தான். பொம்மை திருப்பி அடிக்காது. அந்தச் சோதனையை வைத்து உங்கள் பையனை அளக்க முடியாது. ஆனால் அடியோடு வசவும் ஒட்டிக்கொள்ளும் என்று காட்டியதே, கமெண்டில் வருவதும் அதுவாக இருக்கலாம்.

ஊட்டி: பழியெல்லாம் அப்பா மேலேயா?

இல்லை. அப்பாவின் அலெக்ஸிதிமியாவையும் பிள்ளையின் ஆன்லைன் வசவையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளில் பல, ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் அவை சொல்லும். எது எதனால் என்று சொல்லாது. முரட்டுப் பிள்ளையால் அப்பா இறுகிப்போவதும் உண்டு. அம்மா, நண்பர் வட்டம் எல்லாமே கணக்கில் வரும்.

அருவங்காடு: மகளை யாரோ படம் காட்டி மிரட்டுகிறார்கள்.

இது என் துறையல்ல, காத்திருக்காதீர்கள். எதையும் அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போலீஸிடம் போங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். மகளைத் திட்டாதீர்கள்.

குந்தா: போன் எத்தனை மணி நேரம் தரலாம்?

போன் கேள்விகள் போதும்.

கோத்தகிரி அம்மா மறுபடியும்: அவருக்கு அந்த ஒரு வாக்கியமே வரவில்லை.

உடம்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். “தாடை இறுகுது”, “நெஞ்சு அடைக்குது” என்பது வரும். அதற்குச் சற்று முன் யார் என்ன சொன்னார் என்று கேளுங்கள். பிறகு பயமா, அவமானமா, அசதியா என்று நீங்களே மூன்றை நீட்டுங்கள், ஒன்றை எடுப்பார்.