குவில்ட் தைக்கும் லாங்ஆர்ம் மெஷினில் வளைவு தைக்கும்போது அடியில் நூல் சுருள்வது ஏன்?

நேர்கோடு ஒழுங்காக விழுகிறது, வளைவில் மட்டும் குவில்ட்டின் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் அடுக்குத் துணி) அடியில் மேல்நூல் இமை மயிர் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது என்கிறீர்கள். அடியில் தெரிவதால் அடிநூல் சுற்றிய பாபின்மேல் சந்தேகம் வரும். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான்.

முதலில் நூலை முழுக்க உருவிவிட்டுத் திரும்பக் கோத்துப் பாருங்கள். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராவிட்டாலே இப்படி ஆகும். அப்புறம் ஊசி. லாங்ஆர்மில் துணி நிற்கிறது, மெஷின் தலைதான் நகர்கிறது. வளைவில் வேகமாகத் தள்ளினால் ஊசி லேசாக வளையும். அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் ஹூக் அப்போது அதைச் சரியாகப் பிடிக்காது. புது ஊசி போட்டு, கையின் வேகத்தைக் குறையுங்கள். 16ஆம் எண் ஊசி என்றால் 18க்கு மாறிப் பார்க்கலாம், தடித்த ஊசி அவ்வளவு வளையாது.

இதற்கும் சரியாகவில்லையா? பாபின் கேஸை (பாபின் உட்காரும் சிறு கூடு) பாபினோடு உள்ளங்கையில் வைத்து அதன் நூலைத் தூக்குங்கள். கேஸ் நிமிர்ந்து நின்றால் போதும். கையை விட்டே கிளம்பினால் இறுக்கம் அதிகம், அதுதான் மேல்நூலைக் கீழே இழுக்கிறது. கேஸின் திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் மிகக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பாபின் மாற்றும்போதெல்லாம் ஹூக் பக்கம் பஞ்சுத் தூசியை பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். எண்ணெய், கையேட்டில் சொன்ன இடத்தில் ஒரு சொட்டு, அதுவும் மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்குப் பிடித்து இறுகிவிடும்.