ஹட்டனில் 2 அடி கடல்நீர்த் தொட்டியிலிருந்து 6 அடிக்கு மாறலாமா?

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன். 70 லீட்டர் கொள்ளும் 2 அடி கடல்நீர்த் தொட்டி ஒரு வருடத்துக்கு மேலாக நன்றாக ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு இறால், கொஞ்சம் சொஃப்ட் கோரல். இதை 6 அடிக்கு மாற்றி ஒரு பவுடர் ப்ளூ டாங் மீன் வளர்க்க ஆசை. மலைநாட்டில் சரிவருமா?

பதில்:

மாறுங்கள், ஆனால் 6 அடிக்கு வேண்டாம். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் போதும். பவுடர் ப்ளூ விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதை முதலில் சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

நான் தலவாக்கலையில் இருக்கிறேன். நீங்கள் யோசிக்கிற அதே மாற்றத்தைச் செய்து, இப்போது 4 அடித் தொட்டி வைத்திருக்கிறேன். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் கொழும்பு, சென்னை பக்கம் இருப்பவர்கள். தண்ணீர் சூடாகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. சில்லர் வாங்கு, மின்விசிறி வை என்பார்கள். நமக்கு எல்லாம் தலைகீழ். இங்கே தொட்டியைப் பெரிதாக்கும்போது உங்கள் பணமும் கவனமும் முதலில் போக வேண்டியது சூடு, கரண்ட், தண்ணீர் ஆகிய மூன்றுக்கும்தான். மீன், கோரல், அழகான லைட் எல்லாம் அப்புறம்.

சூட்டில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. உங்கள் 2 அடித் தொட்டியில் 70 லீட்டர். 4×2×2 என்றால் 16 கன அடி, அதாவது சுமார் 450 லீட்டர். தண்ணீர் ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் சூடு வெளியேறுகிற பரப்பு, கண்ணாடியும் மேற்பரப்பும் சேர்த்து, மூன்றரை மடங்குதான் கூடும். அதனால் கரண்ட் போன இரவில் பெரிய தொட்டி சின்னத் தொட்டியைவிட ஏறத்தாழப் பாதி வேகத்தில்தான் குளிரும். மலைநாட்டில் பெரிய தொட்டி வைக்க நான் சொல்லும் முதல் காரணம் இதுதான்.

ஹீட்டரை ஒன்றாக வாங்காதீர்கள். 600 வாட் ஒன்றுக்குப் பதிலாக 300 வாட் இரண்டு. ஹீட்டர் பழுதாகும்போது எரியாமல் போவதைவிட அணையாமல் சிக்கிக்கொள்வதுதான் ஆபத்து. 600 வாட் சிக்கிக்கொண்டால் காலையில் மீன் குழம்பு. 300 வாட் என்றால் நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும். இரண்டையும் தனியான ஒரு வெப்பநிலைக் கொண்ட்ரோலர் வழியாக இணைத்து 25 பாகையில் வையுங்கள். தொட்டியின் அடியிலும் பின்புறமும் பக்கங்களிலும் ஓர் அங்குல ரெஜிபோம் தகடு ஒட்டுங்கள். முன்கண்ணாடி மட்டும் தெரிந்தால் போதும். இது மலிவான வேலை, மாதாமாதம் பில்லில் தெரியும்.

பில் என்றதும் கணக்கையும் பார்த்துவிடலாம். ஹீட்டர்கள் சராசரியாக 150 வாட் இழுத்தால் மாதத்துக்கு 108 அலகு. அதற்கு மேல் பம்ப், நுரையால் அழுக்கை வெளியேற்றுகிற ஸ்கிம்மர், லைட். வீட்டுப் பாவனை 180 அலகைத் தாண்டினால் அதற்கு மேல் ஒவ்வொரு அலகும் ஆக உயர்ந்த விலைப் படியில் விழும். தொட்டி வைத்த பிறகு பல வீடுகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மாமா வரும்போதெல்லாம் மீனைப் பார்க்காமல் மீட்டரைத்தான் எட்டிப் பார்ப்பார்.

மின்வெட்டு. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்களே, அந்த அளவுக்கு இப்போது இல்லை. ஆனாலும் தென்மேல் பருவக்காற்று அடிக்கிற மாதங்களில் மரம் விழுந்து லைன் அறுவது நமக்குப் புதிதல்ல. இன்வேர்ட்டர் வைத்திருந்தால் அதில் ஹீட்டரைக் கொடுக்காதீர்கள். 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பெட்டரியில் பாதியைத்தான் பத்திரமாகப் பாவிக்கலாம், அது 600 வாட் மணி. ஒரு 300 வாட் ஹீட்டர் இரண்டு மணித்தியாலத்தில் அதைக் குடித்துவிடும். அதே பெட்டரி 15 வாட் அலைப் பம்ப் ஒன்றை ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். கரண்ட் இல்லாதபோது மீன் முதலில் சாவது குளிரால் அல்ல, ஒட்சிசன் இல்லாமல்தான்.

சூட்டுக்குப் பழைய வழி இருக்கிறது. தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், மேலே கொஞ்சம் திறந்திருக்கட்டும். அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, கை பொறுக்காத சூட்டில் 2 லீட்டர் போத்தல்களில் ஊற்றி மூடி மிதக்க விடுங்கள். நான்கு போத்தல்கள் 450 லீட்டரை ஏறத்தாழ ஒரு பாகை உயர்த்தும். ஒரே நேரத்தில் நான்கையும் போடாமல் ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

ஒட்சிசனைப் பற்றி இன்னும் ஒன்று. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தைவிடக் குறைவு, அதனால் ஒரே வெப்பநிலையில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒட்சிசனும் ஏழில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு. குளிர்ந்த தண்ணீரில் ஒட்சிசன் அதிகமாயிற்றே என்பீர்கள். உண்மைதான், ஆற்று மீனுக்கு அது பொருந்தும். நாமோ 25 பாகைக்குச் சூடாக்கிவிடுகிறோம், அந்த லாபம் போய்விடுகிறது. ஆகவே கடலோரக்காரர் எழுதுகிற மீன் எண்ணிக்கையை இங்கே அப்படியே எடுக்காதீர்கள். மேற்பரப்பு எப்போதும் கலங்கிக்கொண்டிருக்கட்டும், தொட்டியின் கொள்ளளவுக்குச் சொல்வதைவிட ஒரு அளவு பெரிய ஸ்கிம்மர் வாங்குங்கள். குளிருக்குக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் தூங்குகிற நம் வீடுகளில் காபனீரொட்சைட் சேர்ந்து இரவில் தண்ணீரின் பி.எச். இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டால் நன்றாக ஏறும். தோட்டத்தில் மருந்தடிக்கிற நாளில் மட்டும் உள்ளே இழுத்துவிடுங்கள்.

இனித் தண்ணீர். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் 30, 40தான் காட்டுகிறது, இதில் உப்பைக் கலக்கினால் என்ன என்று கேட்பார்கள். 1946இல் இலங்கைத் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்த காலத்திலிருந்து அதற்கு அடிக்கிற மருந்துகளில் செப்பு முக்கியமானது. மழைக்காலத்தில்தான் அந்த நோய் பரவும், அப்போதுதான் மருந்தும் அடிப்பார்கள், அதே மழைதான் மலைச்சரிவைக் கழுவிக்கொண்டு ஓடைக்கும் வரும். நாம் குடித்தால் எதுவும் தெரியாத அளவு செப்பு, இறாலையும் நத்தையையும் கோரலையும் கொன்றுவிடும். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் செப்பு இருக்கிறதா என்று சொல்லாது. உரத்தின் நைத்திரேற்று வேறு. எனவே மெம்பிரேன் என்கிற நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கிற ஆர்.ஓ. வடிகட்டியும், அதற்குப் பின் மிச்சத்தைப் பிடித்துக்கொள்கிற டி.ஐ. ரெசினும் கட்டாயம். மீட்டர் பூச்சியம் காட்ட வேண்டும்.

ஆர்.ஓ. வாங்கும்போது பூஸ்டர் பம்பும் சேர்த்து வாங்குங்கள். மேட்டிலுள்ள டாங்கியிலிருந்து குழாயில் இறங்கி வருகிற தண்ணீருக்கு 10 மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம்தான் கிடைக்கும், மெம்பிரேனுக்கு மூன்று, நான்கு பார் வேண்டும். பெட்டியில் எழுதியிருக்கிற நாளொன்றுக்கான லீட்டர் கணக்கும் 25 பாகைத் தண்ணீருக்கு உரியது. நம் குழாய்த் தண்ணீர் குளிர்ந்தது, கால்வாசியாவது குறைவாகத்தான் வரும். வாரம் பத்து வீதம் மாற்றினால் 45 லீட்டர், அதற்கு ஒன்றே முக்கால் கிலோ அளவில் உப்பு. முதல் நிரப்புக்கு மட்டும் 17 கிலோ போகும். கினிகத்தேனையில் மண்சரிந்து பாதை அடைபட்டால் உப்பும் வராது, ஆகவே ஒரு வாளி எப்போதும் கைவசம் இருக்கட்டும். கடல் தண்ணீரையே கொண்டுவரலாமே என்றால், ஹட்டனுக்கு ஒவ்வொரு வாரமும் அது கட்டுப்படியாகாது. ஆற்று முகத்துக்குப் பக்கத்தில் மழைக்குப் பின் அள்ளிய தண்ணீர் கடல் தண்ணீரும் அல்ல.

தொட்டியை எங்கே வைப்பது? தண்ணீர், கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட், கீழே சம்ப் என்கிற வடிகட்டல் தொட்டி எல்லாம் சேர்த்து 700 கிலோவுக்குக் குறையாது, அது நிற்பது எட்டுச் சதுர அடியில். பலகைத் தரை போட்ட பழைய வீடானால் யோசிக்கவே வேண்டாம். சீமெந்துத் தரையானாலும், நம் வீடுகள் பாதி மண் வெட்டிய இடத்திலும் பாதி மண் நிரப்பிய இடத்திலும் நிற்பவை. மலைப்பக்கச் சுவரோரம், வெட்டிய பக்கத்தில் வையுங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த முன்பக்கம் காட்சிக்கு அழகு, ஆனால் நிரப்பிய மண் மழைக்கு இறங்கும். அரை அங்குலம் சாய்ந்தாலே சிலிக்கன் மூட்டுக்குச் சோதனைதான். சிலிக்கன் என்றதும் நினைவு வருகிறது: ஈரமான ஊர் என்று பூஞ்சை பிடிக்காத குளியலறைச் சிலிக்கனைக் கடைக்காரர் நீட்டுவார். அதில் கலந்திருக்கிற பூஞ்சைக் கொல்லி மீனுக்கு நஞ்சு. மீன் தொட்டிக்கென்று போட்டிருப்பதையே கேளுங்கள்.

சம்ப் வைப்பதானால் கரண்ட் போகும்போது மேலிருந்து எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். இந்த அளவுத் தொட்டியில் நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்கினால் 19 லீட்டர் கீழே வரும். சம்பில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிச் சோதித்த பிறகுதான் மீனை விட வேண்டும்.

மாற்றுகிற நாள் உண்மையில் சுலபம். புதுத் தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று சில நாள் பார்த்து வடித்துவிடுங்கள். உப்புத் தண்ணீரை முதல் நாளே கலந்து, சூடாக்கி, பழைய தொட்டியின் அதே உப்புச் செறிவுக்குக் கொண்டுவாருங்கள். ஒப்படர்த்தி 1.025 இருந்தால் நல்லது. ரிஃப்ராக்டோமீற்றரில் பாருங்கள், முள் ஆடுகிற பிளாஸ்டிக் மானியை நம்ப வேண்டாம். பழைய தண்ணீரைக் கொண்டுபோனால்தான் பக்டீரியா வரும் என்பது தவறான நம்பிக்கை. அமோனியாவைத் தின்னும் பக்டீரியா பெரும்பாலும் கல்லில்தான் ஒட்டியிருக்கும். கல் நனைந்தபடி, சூடு குறையாமல் போனால் புதுத் தொட்டியில் பக்டீரியா வளரும்வரை நான்கு, ஆறு வாரம் காத்திருக்கத் தேவையில்லை.

முதலில் கோரலையும் கல்லையும் எடுங்கள். கல் போன பிறகு மீனுக்கு ஒளிய இடமிருக்காது, வலையில் தானாக வரும். எல்லாவற்றையும் பழைய தண்ணீரோடு ரெஜிபோம் பெட்டிகளில் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி நம் ஊர்க் குளிரில் கண்முன்னே ஆறிவிடும். பழைய மணலை மட்டும் அப்படியே கொட்டாதீர்கள். அடியில் தேங்கிய அழுக்கு கிளம்பினால் ஒரே இரவில் அமோனியா ஏறும். புது மணல் வாங்கி, பழையதில் மேலாக ஒரு கோப்பை தூவினால் போதும். புதுத் தொட்டியில் கல் கண்ணாடி மேல் நேராக உட்கார வேண்டும், அதன் பின்புதான் மணல்.

கூடுதல் கல் தேவைப்படும். உயிரற்ற காய்ந்த கல்லையோ செராமிக் கல்லையோ வாங்கிச் சேருங்கள், சில மாதத்தில் அதுவும் உயிர்பிடிக்கும். திருகோணமலைப் பக்கம் போகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்பார்கள், வேண்டாம். பவளப்பாறையை உடைப்பதும் எடுப்பதும் இங்கே சட்டவிரோதம்.

முதல் இரண்டு வாரம் அமோனியாவை நாள் தவறாமல் சோதியுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். தொட்டி வெறிச்சென்று தெரியும், மீன் வாங்கக் கை துறுதுறுக்கும். ஒரு மாதமாவது பொறுங்கள்.

சரி, பவுடர் ப்ளூ. நம் கடலிலேயே இருக்கிற மீன், அழகில் அதற்கு நிகரில்லை. ஆனால் நாள் முழுக்க நீந்தித் திரிகிற, சீக்கிரம் கோபம் வருகிற மீன். வெண்புள்ளி நோய் வந்தால் முதலில் பிடிபடுவதும் இதுதான். 4 அடியில் அடைப்பது சரியில்லை. அதற்காக 6 அடி போனால் 680 லீட்டர், ஒரு டொன் பாரம், ஒட்சிசன் குறைந்த உயரத்தில் ஒட்சிசன் அதிகம் கேட்கிற ஒரு மீன். அந்த ஒரு மீனுக்காக இத்தனையும் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பதே என் பதில். 4 அடியில் உங்கள் க்ளவுன் ஜோடியோடு ஒரு கோபி, ஒரு சின்ன ராஸ், பின்பு ஒரு ஃபயர்ஃபிஷ் நிம்மதியாக இருக்கும். ஃபயர்ஃபிஷ் குதிக்கும், மேலே வலை போடுங்கள். கண்ணாடி மூடி போட்டால் காற்று போகாது.

பழைய 2 அடித் தொட்டியை விற்றுவிடாதீர்கள். புதிதாக வாங்குகிற ஒவ்வொரு மீனும் முதலில் அதில் ஒரு மாதம் இருக்கட்டும். செப்பு மருந்து போட வேண்டிவந்தாலும் அதிலேயே போடலாம், பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் கோரலும் போய்விடும். அதற்கென்று தனி வலை, தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் பழைய 100 வாட் போதும்.