பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 38. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சரியான அளவில்தான் இருக்கின்றன. காய்கறி, பழங்கள் அதிகம் சாப்பிடுவதில்லை. அதற்கு ஈடாகத் தினமும் ஒரு வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். சரிவிகித உணவால் பிற்காலத்தில் உண்மையாகவே பெரிய வித்தியாசம் ஏற்படுமா?

பதில்: நிச்சயமாக ஏற்படும். உங்கள் பரிசோதனை முடிவுகள் மகிழ்ச்சி தருபவை என்றாலும், அவை சொல்வது இன்றைய நிலையை மட்டுமே. ரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவது பல பத்தாண்டுகள் நீளும் செயல். வலியோ களைப்போ காட்டாமல் அது நடக்கும். கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953-இல் வெளியான ஆய்வில், சராசரி வயது 22 மட்டுமே இருந்த அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் இதயத் தமனிகளில் நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. நாற்பதை நெருங்கும் உங்களுக்கு இதை அச்சுறுத்தலாகச் சொல்லவில்லை. மாற்றிக்கொள்ள இதுவே நல்ல வயது என்பதற்காகச் சொல்கிறேன்.

உணவு இதில் எப்படிக் குறுக்கிடுகிறது என்பதற்கு நார்ச்சத்து ஒன்றையே பாருங்கள். பயறு, ஓட்ஸ், பழங்கள் ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து செரிமானத்துக்காகக் கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைக் குடலில் பிடித்து வைத்து மலத்துடன் வெளியேற்றுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டப் புதிய பித்த அமிலம் தயாரிக்க வேண்டியிருப்பதால், கல்லீரல் ரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. இப்படி நாள்தோறும் சிறிதளவு குறைவதுதான் இருபது, முப்பது ஆண்டுகளில் பெரிய வித்தியாசமாகிறது.

இந்த வேலையை மாத்திரை செய்யாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் சுமார் 29,000 பேரிடம் நடந்து 1994-இல் முடிவு வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் சத்து) மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. கர்ப்ப காலத்தில் ஃபோலிக் அமிலம், அசைவமும் பாலும் தவிர்ப்பவர்களுக்கு பி12 என்று மாத்திரை அவசியமான இடங்கள் உண்டு. ஆனால் காய்கறிக்கு ஈடாக அதை எண்ணுவது தவறு. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழங்கள். உப்பு 5 கிராமுக்குள். முதலில் காய்கறியின் அளவைக் கூட்டுங்கள். விருந்தில் ஒருநாள் கூடுதலாகச் சாப்பிட்டதற்காக வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: என் தந்தைக்கு வயது 67, ரத்தக் கொதிப்பு இருக்கிறது. “இனிமேல் உணவை மாற்றி என்ன ஆகப்போகிறது?” என்கிறார். அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. காய்கறி, பழங்கள், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த ‘டாஷ்’ உணவுமுறையை அமெரிக்காவில் 459 பேரிடம் சோதித்து 1997-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உப்பின் அளவையோ உடல் எடையையோ குறைக்காமலேயே, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 11 புள்ளிகள் இறங்கியது. அந்த இறக்கம் இரண்டு வாரங்களிலேயே தென்பட்டது. முதுமையில் தசை வேகமாகக் கரைவதால், பயறு, பால், முட்டை, மீன் போன்ற புரத உணவில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் அவர் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் பொட்டாசியத்துக்கும் புரதத்துக்கும் கட்டுப்பாடு தேவைப்படலாம் என்பதால், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்து மருத்துவரிடம் கேட்ட பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையை அவராக நிறுத்திவிடக் கூடாது.